போனுக்குக் கால் காட்டுகிற மனிதன்

போன கிழமை ரோவிலில் இருக்கிற அன்ரி வாழைப்பழச் சீப்போடு நம் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இருவரும் வீட்டில்தான் இருந்தீர்கள். ஹோலுக்குள் வந்தவர் சுவரில் இருந்த படத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆர் தம்பி, ஐயாவோ? எப்ப மோசம் போனவர்?"

"அன்ரி, அது நான்."

"சீ, விசர்க் கதை கதையாதையும்."

பெரியவன் சிரிப்பை அடக்க முடியாமல் அறைக்குள் ஓடிவிட்டான். அன்ரியிலும் பிழை இல்லை. நம்மவர் வீட்டு ஹோலில் தனியாக ஒரு பெரிய படம், சட்டம் போட்டு, மேலே சின்ன லைற்றும் வைத்து மாட்டியிருந்தால் அது செத்தவருடைய படம்தான். மாலைதான் இல்லை. அதோடு நம் படத்தில் முகமும் இல்லை. ஒரு மனிதன் கதிரையில் குனிந்து இருக்கிறான். உச்சியில் மயிர் கொட்டியிருக்கிறது. ஒரு காலைத் தூக்கி, அந்தக் காலுக்கு நேரே போனைப் பிடித்திருக்கிறான். செருப்பு பாதி கழன்று தொங்குகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தேய்ப்பு. படம் கீறினவரின் கையெழுத்து மூலையில் இல்லாமல் செருப்புக்கு மேலால் ஓடுகிறது.

அன்ரி போன பிறகு பெரியவன் கேட்டான். "அப்பா, வை கான்ட் வீ ஹாங் எ நோர்மல் போட்டோ?"

சின்னவளுக்கு அரைவாசிக் கதை தெரியும். உனக்கு அதுவும் தெரியாது, மகன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நீங்கள் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் அம்மாவிடம் கேட்டுத் திருத்துங்கள்.

நான் அப்போது மெல்பேர்னில், டண்டினோங்கில் இன்னும் மூன்று பேரோடு ஒரு வீட்டில் இருந்தேன். கிழமை நாட்களில் கோழித் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமைகளில் கூட இருந்த ஒருவரின் வான் வண்டியில் போய்ப் புல் வெட்டுவோம். ஞாயிறுதான் பொல்லாத நாள். வேலை இருந்தால் மனிதன் களைத்துப் படுத்துவிடுவான், யோசிக்க மாட்டான். ஞாயிறு காலையில் உடுப்புத் தோய்த்துச் சோறு சமைத்தால் எல்லாம் முடிந்துவிடும். பிறகு ஊரில் உங்களுக்கு விடிந்து, முகம் கழுவி, நீங்கள் போனடிக்கு வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரியவன் பள்ளிக்கூடக் கதை இரண்டு சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவான். சின்னவளை நான் விட்டுவிட்டு வந்தபோது அவளுக்குப் பல் முளைக்கவில்லை. அவளுக்கு நான் போனுக்குள் இருக்கிற ஒரு முகம், அவ்வளவுதான். வந்து பார்ப்பாள், நாக்கை நீட்டுவாள், ஓடிவிடுவாள். விசா வரும்வரை நான் அங்கே போக முடியாது, நீங்கள் இங்கே வர முடியாது. அது எப்போது வரும் என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை ரோவிலில் ஒரு வீட்டுக்குப் புல் வெட்டப் போனோம். வளவின் பின்பக்கம் கராஜ் கதவைத் திறந்து வைத்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் படம் கீறிக்கொண்டிருந்தார். உயரமான, மெலிந்த ஆள். காற்சட்டை முழுக்கப் பெயின்ற். அவர் பார்த்துக் கீறினது குப்பைத் தொட்டியை. கவுன்சில் எல்லா வீட்டுக்கும் கொடுக்கிற அதே தொட்டி.

நான் மரியாதைக்கு, நன்றாக இருக்கிறது என்றேன். அவர் திரும்பி என் காதைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்களாக்கும் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"இதை மூண்டாந்தரம் கீறுறன்," என்றார் என் காதுக்கு. "நல்ல ஆள். என்ர மூக்கைப் பெருப்பிச்சுப் போட்டாய் எண்டு முறைப்பாடு சொல்லாது."

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் பேசினது அமெரிக்க இங்கிலீசு. எனக்கு விளங்கினது முக்கால்வாசி. அதைத் திருப்பிச் சொல்லும்போது அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் மாதிரித்தான் வருகிறது. என்ன செய்ய, என் தலைக்குள் அவர் அப்படித்தான் பேசுகிறார்.

புல்லை வெட்டி முடிக்கிற நேரம் அவருடைய மகள் வந்தார். நல்ல மனிசி. அப்பாவுக்குக் கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது என்று சொன்னார். ஓரம் தெரியும், நேரே பார்த்தால் அந்த இடத்தில் கறை. முகத்தைப் பார்த்தால் முகம் மறைந்துவிடும், காதைப் பார்த்தால்தான் முகம் கொஞ்சம் தெரியும். அவர் வாழ்நாள் முழுக்க மனிதர்களை மட்டும் கீறினவர், இங்கே வந்து இருத்திக் கீற ஒரு மனிதர் கிடைக்கவில்லை, ஞாயிறு பின்னேரம் வந்து கதிரையில் இருக்க முடியுமா, சும்மா இல்லை, கூலி தருவேன் என்று கேட்டார். எனக்கு ஞாயிறு போக ஒரு இடம் கிடைத்தால் போதும். ஓம் என்றேன்.

வீட்டில் சொன்னதும் கூட இருந்தவர்கள் விடவில்லை.

"உன்னைப் படம் கீறவோ? அங்க ஆரும் செத்தவையோ?"

"மாலைக்கு அளவு எடுத்துக்கொண்டு போ, மச்சான்."

பகிடி பகிடியாக இருக்க, நான் ஆயத்தம் செய்தது என்ன தெரியுமா? ஊரில் ஸ்ரூடியோவுக்குப் போகிற மாதிரி. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, முகத்துக்குப் பவுடர் பூசி, ஒருவரின் கோட்டையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, மேல் பொத்தான்வரை பூட்டி, போய்க் கதிரையில் இருந்தேன். இரண்டு கையையும் முழங்காலில் வைத்தேன். மூச்சை அடக்கினேன்.

கிழவர் பெரிய பலகையில் கரியால் ஏதோ இழுத்தார். நிறுத்தினார். கிட்ட வந்து தலையைச் சரித்து, கோழி தீனியைப் பார்க்கிற மாதிரி ஒரு பக்கக் கண்ணால் என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நீர் ஏன் பொலிசுக்கு முன்னால இருக்கிற மாதிரி இருக்கிறீர்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் என்னை எடுத்த படம் எல்லாம் அப்படித்தான். அடையாள அட்டைக்கு ஒன்று. வந்து இறங்கின இடத்தில் இலக்கம் எழுதின பலகையைப் பிடித்தபடி ஒன்று. கலியாணப் படத்திலும், அம்மாவைக் கேளுங்கள், நான் யாரோ பிடித்துவந்து நிறுத்தின ஆள் மாதிரித்தான் நிற்பேன்.

"அடுத்த கிழமை வீட்டில இருக்கிற உடுப்போட வாரும்," என்றார். "கோட்டு ஆரின்ர?"

"இரவல், அங்கிள்."

"எனக்குத் தெரியும். கை அதுக்குள்ள விருந்தாளி மாதிரி நிக்குது. அது சரி, நான் எப்ப உமக்கு அங்கிள் ஆனனான்?"

எங்களில் வயதுக்கு மூத்தவர்கள் எல்லாம் அங்கிள்தான் என்றேன். இவ்வளவு காலமும் பெறாமகன் இல்லாமல் இருந்தேன், கிடைத்தவனுக்கும் நேராக இருக்கத் தெரியவில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஞாயிறு பின்னேரங்களில் போனேன். பெயின்ற் கரைக்கிற எண்ணெய் மணம், காலடியில் ஒரு ஹீற்றர், கேத்திலில் தண்ணீர். அவர் கீறிக்கொண்டே தன் கதையைச் சொல்வார். துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் நடுவில் அயோவா என்று ஒரு மாநிலம். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாள்கணக்கில் கார் ஓட வேண்டும். சுற்றிவரச் சோளம், நடுவில் ஒரு தெரு, அதுதான் அவருடைய ஊர். தகப்பன் சோளம் சேர்த்து வைக்கிற களஞ்சியத்தில் வேலை. இவர் அங்கே கிடக்கிற சாக்குகளில் ஆட்களைக் கீறிப் பழகினார். பட்டாளத்தில் கொஞ்சக் காலம் ஐரோப்பாவில் இருந்தபோது பெரிய படங்களைக் கண்டார். திரும்பி வந்து பட்டாளத்துக் காசில் சிகாகோவில் படம் படித்தார். அங்கே ஆசிரியர்கள் மனிதனைக் கீறுகிற காலம் போய்விட்டது, பெயின்ற்றை வீசு, ஊற்று என்றார்களாம். இவரும் வீசிப் பார்த்தார், ஊற்றிப் பார்த்தார்.

"கெட்ட வார்த்தை ஒண்டும் தெரியாத பாஷையில கதைக்கிற மாதிரி இருந்தது," என்றார். "எல்லாம் சரியாய்ச் சொல்லலாம். ஆனால் ஒருத்தனையும் ஏச ஏலாது."

ஊருக்குத் திரும்பி, பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியர் ஆனார். மூடிக் கிடந்த ஒரு சப்பாத்துக் கடையை வாடகைக்கு எடுத்து, பின்னேரங்களில் அங்கே கீறினார். தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி உள்ள கடை. தலைமயிர் வெட்டுகிறவர், இறைச்சிக்கடைக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனிசி, வங்கிக்காரர் எல்லாரும் வந்து இருப்பார்கள். போகிறவர் வருகிறவர் கண்ணாடிக்கு வெளியே நின்று விமர்சனம் சொல்வார்கள். கீறி முடித்ததை ஒருவரும் ஆசையாக வாங்கவில்லை. ஒரு மனிசி தன் படத்தைக் குளியலறைக்குள் மாட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, அங்கேதான் நான் ஆறுதலாக இருப்பேன் என்றாராம். நியூயோர்க்கில் ஒரு தரம் படங்களைக் கொண்டுபோய் வைத்தார். வந்தவர்கள் வைன் குடித்துவிட்டுப் போனார்கள். கொண்டுபோன படம் அத்தனையும் அதே வான் வண்டியில் ஊருக்குத் திரும்பின. பிறகு தன் மாநிலத்து மியூசியம் ஒன்று, பஸ் ஓட்டுகிற மனிசி தேத்தண்ணீர் போத்தலோடு இருக்கிற படத்தை வாங்கியது. அவருடைய உத்தியோகத்தில் ஆகப் பெரிய நாள் அதுதான்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கதை முழுக்க அதில்தான் நிற்கிறது, கவனமாக வாசியுங்கள். படம் முடிந்தாலும் கையெழுத்து வைக்க மாட்டார். அதைக் கடைக் கண்ணாடியில் தெருவைப் பார்க்க வைத்துவிட்டு உள்ளே காத்திருப்பார். தெருவால் போகிற யாராவது நின்று, ஒருவரும் சொல்லாமல், இது இன்னார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே கையெழுத்து. சொல்லாவிட்டால் திரும்பச் சுரண்டிக் கீறுவார். பெரிய பரீட்சை எல்லாம் அந்தத் தெருவில்தான் பாஸ் பண்ணினேன் என்று சொல்வார்.

பிறகு காணிகள் பெரிய ஆட்களின் கைக்குப் போய், பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய், பள்ளிக்கூடம் மூடி, தெரு வெறுமையானது. இருந்தவர்களை எல்லாம் கீறி முடித்துவிட்டார். கீறினவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். மனைவியும் போய்விட்டார். ஒரே மகள் கலியாணம் முடித்து மெல்பேர்னில் இருந்தபடியால் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இஞ்ச நல்ல தெரு," என்பார் ரோவிலைப் பற்றி. "மரம் இருக்கு, புல் இருக்கு. ஆக்கள்தான் இல்லை. கார் வரும், கராஜ் வாயைத் திறக்கும், காரை விழுங்கும், மூடும். இதில ஒரு படத்தை வெளியில வைச்சால் தபால்காரன்தான் பார்ப்பான். அவனும் ஹெல்மெட்டோட."

என் படத்தில் அதைவிட வேறு கஷ்டம். கையும் காலும் கதிரையும் நன்றாக வந்துகொண்டிருந்தன. முகம் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முகத்தைக் கீறுவார். முடிவில் கிட்டப் போய் ஓரக் கண்ணால் பார்ப்பார். ஒரு தட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவார். சுரண்டிச் சுரண்டி அந்த இடத்தில் துணியின் நூலே தெரிந்தது. காணும் அங்கிள், விடுங்கோ என்று நான் சொன்னால் கோபம் வரும். மற்றதெல்லாம் உடுப்பு, முகத்தில்தான் ஆள் இருக்கிறான் என்பார். அவர் சாவதற்கு முன் இன்னும் ஒரு மனிதனைக் கீறி முடிக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். எனக்கு அது விளங்கியது. முடித்தாலும், இது இன்னார் என்று சொல்ல எனக்கு இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் இரண்டு பேரும் யோசித்தோம்.

வெயில்காலம் தொடங்கிவிட்டது. நான் செருப்போடு போகத் தொடங்கியிருந்தேன். ஒரு ஞாயிறு நான் கதிரையில் இருக்கும்போது போன் அடித்தது. எப்போதும் நான்தான் உங்களைக் கூப்பிடுவேன், அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டீர்கள். மன்னியுங்கோ அங்கிள், பிள்ளைகள் என்றேன். கதையும் கதையும் என்று கையால் காட்டினார்.

அம்மா குசினிக்குள் வேலையாக இருந்தா. போனைக் கையில் வைத்திருந்தது சின்னவள். முன்பல் விழுந்திருந்த வயது.

"அப்பா, உங்களுக்குக் கால் இருக்கோ?"

"என்ன பிள்ளை?"

"கால், கால். உங்களுக்கு முகம் மட்டும்தானே இருக்கு."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறகு போனைக் கீழே பிடித்து, குனிந்து, வலது காலைத் தூக்கிக் காட்டினேன்.

"இந்தா, இது கால். வடிவாய்ப் பார்."

"செருப்பைக் கழட்டுங்கோ, தெரியேல்லை... ஐயே, பெருவிரலில நகத்தைக் காணேல்லை!"

உண்மைதான். கொஞ்ச நாளுக்கு முன் தொழிற்சாலையில் பெட்டி விழுந்து நகம் போயிருந்தது. அதை உங்களுக்குச் சொல்லவில்லை.

"அதோ? கோழி கொத்திக்கொண்டு போயிட்டுது."

"பொய்!"

"உண்மை, பிள்ளை. பெரிய சேவல்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மற்றக் காலையும் காட்டச் சொன்னாள். நடந்து காட்டச் சொன்னாள். நான் காட்டினேன், திரும்ப இருந்தேன், திரும்பக் காட்டினேன். அன்றைக்குத்தான் அவள் என்னோடு அவ்வளவு நேரம் பேசினாள். போன் வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். கிழவர் பழைய படத்தின் கால் கை எல்லாவற்றையும் வெள்ளைப் பெயின்ற்றால் மூடிவிட்டு, அதன் மேலேயே புதிதாக இழுத்துக்கொண்டிருந்தார். வியர்த்துக் கொட்டியது. அசைய வேண்டாம், போனைக் காலுக்குப் பிடியும், அப்படியே இரும் என்றார். அந்த ஒரு பின்னேரத்தில் ஒரு குளிர்காலத்து வேலையைச் செய்தார். அடுத்து வந்த ஞாயிறுகளில் கிட்ட வந்து, என் காலடியில் முழங்கால் குத்தி, ஓரக் கண்ணால் அந்த நகமில்லாத விரலைப் பார்த்துப் பார்த்து வைத்தார். குனிந்த தலை, உச்சி, தோள், எல்லாம் வந்தது. குனிந்திருந்தாலும் முகத்தின் பாதி தெரிய வேண்டும். அது மட்டும் திரும்பவும் வரவில்லை. சுரண்டினது சுரண்டினபடி நின்றது.

"தெருவில வைக்க ஏலாது," என்றார். "உம்மைத் தெரிஞ்ச ஆரும் இருக்கினமோ?"

நான் போனில் ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அவருடைய சட்டப்படி, யார் என்று சொல்லவில்லை. இது ஆர் எண்டு சொல்லு பாப்பம் என்று மட்டும் எழுதினேன். பதில் வந்தது.

"ஆர் இந்தக் கிழவர்? பாவம், காலில என்ன வருத்தமோ?"

அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். நான் வெளிக்கிட்டபோது எனக்கு உச்சி நிறைய மயிர் இருந்தது. போனில் நேரே பார்த்தால் உச்சி தெரியாது. ஒருத்தருமில்லை, சும்மா என்று எழுதினேன். கிழவருக்கு அதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் தூரிகையைத் துடைத்தார். அப்ப முடியேல்லை என்றார். அன்றைக்குக் கேத்திலையும் போடவில்லை.

அதற்குப் பிறகு கண் இன்னும் போனது. விழுந்து இடுப்பில் அடிபட்டு, மகளால் தூக்கி எழுப்ப முடியாமல் முதியோர் இல்லத்தில் விட்டார்கள். அங்கே எண்ணெய் மணத்துக்கு அனுமதி இல்லை. மகள் கராஜைத் துப்புரவாக்கும்போது என்னைக் கூப்பிட்டு அந்தப் படத்தைத் தந்தார். நான் அதை அறையில் அலுமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்க்க வைத்தேன். கையெழுத்து இல்லாத, முகம் இல்லாத, பெண்சாதிக்கே தெரியாத ஒரு ஆளை எங்கே மாட்டுவது? ஞாயிறுகளில் இல்லத்துக்குப் போய் அவரோடு இருந்துவிட்டு வருவேன். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துகிற இடம். அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். போகும்போது கேட்பார்: "ஆரும் சொன்னவையோ?" இல்லை, அங்கிள் என்பேன்.

விசா வந்தது, நீங்கள் வந்தீர்கள். அது உங்களுக்குத் தெரிந்த கதை. விமான நிலையத்தில் பெரியவன் எனக்குச் சமமாக நின்று கை தந்தான். சின்னவள் அம்மாவின் பின்னால் நின்றாள். அவ்வளவு உயரமாக வளர்ந்த பிள்ளை, அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனில் நாக்கு நீட்டினவள், நேரே கண்டதும் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தாள். நான் அன்றைக்கு உங்களுக்காகப் புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்தும் நாலைந்து நாள் "அவர் சாப்பிட்டாரோ?" என்று அம்மாவிடம்தான் கேட்டாள். ஒரே வீட்டுக்குள் பிள்ளை இருக்க, நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்த மாதிரியே இருந்தேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ நான் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அறைக்குள் ஏதோ இழுபடுகிற சத்தம். அலுமாரிக்குப் பின்னால் கிடந்ததை அவள் வெளியே எடுத்துத் திருப்பியிருந்தாள். நான் வாசலில் நின்றேன். இது நான் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் கிழவருடைய சட்டம் நினைவுக்கு வந்தது. அவள் கையிலிருந்து காலுக்கு இறங்கினாள். குந்தியிருந்து கிட்டப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள். படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்த்து இல்லை. பிறகு திரும்பினாள். "இது நீங்கள்! கோழி கொத்தின விரல்!"

அந்த ஞாயிறு அவளையும் படத்தையும் கொண்டு இல்லத்துக்குப் போனேன். கிழவர் சாய்கதிரையில் இருந்தார், முன்னையதில் பாதி ஆள். அவளை முன்னால் நிறுத்தினேன்.

"அப்பா, ஏன் இவர் என்ர காதைப் பார்க்கிறார்?"

"அவருக்கு அப்படித்தான் முகம் தெரியும். இனி நீ சொல்லு."

அவள் சொன்னதை நான் இங்கிலீசில் சொன்னேன். கிழவர் லேசில் நம்பவில்லை. படத்தை உறவினர் யாரும் முன்னமே காட்டினார்களா, நீர் ஏதும் சொல்லிக் கொடுத்தீரா என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். இல்லை என்றேன். முகம் இல்லையே, எப்படித் தெரிந்தது என்று அவளைக் கேட்கச் சொன்னார்.

"முகம் எனக்குத் தெரியும்தானே, அது போனில வாறது," என்றாள். "கால்தான் ஒருநாள் காட்டினவர்."

அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தார். சேவல் கதையையும் சொல்ல வைத்தார். வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு பேனை கேட்டார். தாதியின் மேசையில் இருந்து ஒரு தடித்த கறுப்புப் பேனை வாங்கி வந்தேன். மூலையை விரலால் தடவிப் பார்த்தார். நான் கையைப் பிடித்து இடத்தைக் காட்டப் போனேன், தட்டிவிட்டார். மூலை என்று நினைத்துத் தொடங்கினது மூலை இல்லை. கையெழுத்து செருப்பின் மேல் ஏறி, வாரைக் கடந்து போய் நின்றது.

அடுத்த குளிருக்கு முன் அவர் போய்விட்டார். சின்னவளும் நானும் செத்த வீட்டுச் சடங்குக்குப் போனோம். சின்ன மண்டபம், கதிரைகள் கூட, ஆட்கள் குறைவு. அவர் மகளுடைய சிநேகிதர்கள், இல்லத்துத் தாதிகள் இரண்டு பேர். அவர் ஊரிலிருந்து ஒருவரும் இல்லை, வர அங்கே யார் மிச்சம்? ஆனால் திரையில் அவர்கள் வந்தார்கள். மகள் அவர் கீறின படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். தலைமயிர் வெட்டுகிறவர், இறைச்சிக்கடைக்காரர், வங்கிக்காரர், தேத்தண்ணீர் போத்தலோடு பஸ்காரி. எல்லாரையும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெரு முழுக்க வந்து போன பிறகு, கடைசியாக நான் வந்தேன், செருப்போடும் போனோடும்.

மகளுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லையோ என்னவோ, சடங்கு முடிந்து எல்லாரும் சான்விச் சாப்பிடும் நேரமெல்லாம் என் படம் அப்படியே திரையில் நின்றது. ஆட்கள் அதைப் பார்த்தார்கள். என் பக்கத்திலேயே நின்று, சுவாரசியமான ஆள், யாராக இருக்கும் என்று பேசினார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கறுப்புக் காற்சட்டையும், உங்களைக் கூட்டிவர வாங்கின அந்தச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, கையில் தேத்தண்ணீரோடு நின்றேன்.

சின்னவள் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா," என்று காதுக்குள் சொன்னாள், "சப்பாத்தைக் கழட்டுங்கோ."